க்ரூஸ் டூர் நடத்தும் நண்பர்களே, போனைப் பற்றியும் சொல்லி அனுப்புங்கள்

திருச்சி, மதுரை, கோவை, சென்னை என்று ஊர் ஊராக ஆள் சேர்த்து, சிங்கப்பூர் வரை விமானத்தில் கூட்டிப் போய், அங்கே சொகுசுக் கப்பலில் ஏற்றி, பினாங்கும் புக்கெட்டும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும் டிராவல்ஸ் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களில் ஒருவர் நடத்திய குழுவோடு மனைவியும் நானும் போய் வந்தோம். யார் என்று சொல்லப் போவதில்லை, அவசியமும் இல்லை. ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடுக்கடலில் ரசமும் தயிர் சாதமும் போட வைத்தவர்களைக் குறை சொன்னால் எனக்கே பாவம். இந்த மடல் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது. அது அந்த ஒருவரோடு நிற்பதில்லை. மற்ற குழுக்களில் போய் வந்த சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று யாரைக் கேட்டாலும் அதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு மினி ஹாலில் கூட்டம் போடுகிறீர்கள். காபி, போண்டா கொடுத்து, பெரிய திரையில் கப்பல் படம் காட்டி, பாஸ்போர்ட் நகல் எத்தனை வேண்டும், இரவு விருந்துக்கு ஷூ போட வேண்டுமா, இஸ்திரிப் பெட்டியும் எலெக்ட்ரிக் கெட்டிலும் கொண்டுவந்தால் கப்பல்காரன் வாங்கி வைத்துக்கொள்வான், கேபினில் இருக்கும் மினி பாரைத் தொட்டால் பில் எகிறும், டிப்ஸ் தினமும் தலைக்கு இவ்வளவு என்று ஒன்று விடாமல் சொல்கிறீர்கள். ஒரு அம்மா எழுந்து, “போன் பேசறதுக்கு என்ன செய்யறது தம்பி?” என்று கேட்கிறார். “ரோமிங் பேக் போட்டுக்கோங்கம்மா, எல்லாம் ஓடும்” என்கிறீர்கள். அப்புறம் அடுத்த கேள்வி.

அந்தப் பதில் பாதிதான் சரி. சிங்கப்பூரில் இறங்கி ஹோட்டலில் இருக்கும் நாளுக்குச் சரி. பினாங்குக் கரையில் நிற்கும் ஐந்தாறு மணி நேரத்துக்குச் சரி. கப்பல் கரையை விட்டுக் கடலுக்குள் போன பிறகு அந்தப் பேக்குக்கும் உங்கள் போனுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடலாம்.

காரணம் எளிது. வெளிநாட்டில் நம் ஊர் சிம்மிலேயே பேச முன்பணம் கட்டி வாங்கும் ரோமிங் பேக் என்பது நாடுகளின் பட்டியல். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று பட்டியலில் உள்ள நாட்டின் டவரில் போன் ஒட்டிக்கொண்டால் பேக்கின் கணக்கில் ஓடும். கப்பல் எந்த நாட்டிலும் சேர்த்தி இல்லை. ஒவ்வொரு நாட்டின் மொபைல் வலையமைப்புக்கும் மூன்று இலக்க எண் ஒன்று உண்டு. இந்தியாவுக்கு 404, 405. சிங்கப்பூருக்கு 525, மலேசியாவுக்கு 502, இந்தோனேசியாவுக்கு 510, தாய்லாந்துக்கு 520. கப்பலுக்குள் ஓடும் மொபைல் வலையமைப்புகளுக்குக் கொடுத்திருக்கும் எண் 901. அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத எண். போன் திரையின் மேல் மூலையில் ‘செல்லுலார் அட் ஸீ’ என்றோ ‘டெலினார் மாரிடைம்’ என்றோ பெயர் தெரிந்தாலும், 901 என்று தொடங்கும் எண் தெரிந்தாலும், கரை டவரை விட்டுக் கப்பல் டவருக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

கப்பலுக்குள் டவர் எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்டார்கள். கூடத்திலும் நடைபாதையிலும் மேல்தளத்திலும் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் பொருத்தியிருப்பார்கள். கேபின் முழுக்க இரும்புச் சுவர் என்பதால் வெளிச் சிக்னல் உள்ளே வராது, இந்த ஆன்டெனாதான் எட்டும். அவை எல்லாம் கப்பலின் உச்சியில் வெள்ளை உருண்டையாகத் தெரிகிறதே, அந்தக் கூண்டுக்குள் இருக்கும் டிஷ் வழியாகச் செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து கரைக்கு இறங்கி, பிறகுதான் நம் ஊருக்கு வரும். ஆகவே அந்தப் பேச்சுக்கு நாட்டு ரோமிங் விலை இல்லை. கப்பல் வலையமைப்பு நடத்தும் நிறுவனமும் நம் ஊர் மொபைல் கம்பெனியும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட தனி விலை. சில கம்பெனிகளில் கப்பலுக்கு என்றே தனிப் பேக் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. கிடைத்தாலும் நீங்கள் போகும் கப்பலின் வலையமைப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று, கப்பல் டவர் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. கரைக்கு அருகில் அந்தந்த நாட்டின் அலைவரிசை உரிமம் குறுக்கே வரும் என்பதால் அணைத்து வைப்பார்கள். பொதுவாக 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டிய பிறகு போடுவார்கள். நம் குழுக்கள் போகும் வழியில் இதுதான் வேடிக்கை. சிங்கப்பூர் நீரிணை ஒடுக்கமானது. மெரீனா பே துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு பக்கம் சிங்கப்பூர், எதிர்ப்பக்கம் இந்தோனேசியாவின் பத்தாம் தீவு. மேல்தளத்தில் கட்டடங்களைப் பின்னால் வைத்து எல்லோரும் செல்ஃபி எடுக்கும் நேரம் அது. போன் சிங்கப்பூர் டவரை விட்டு இந்தோனேசிய டவரைப் பிடித்திருக்கும். தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு இது புதிதில்லை. இராமேஸ்வரத்திலிருந்து வேனில் போய் இறங்கினால் இலங்கைக்கு வரவேற்று எஸ்எம்எஸ் வருமே, அதே கதைதான். பிறகு மலாக்கா நீரிணையில் வடக்கே போகப் போகக் கடல் அகலும். மலேசிய டவர் கொஞ்ச நேரம், அப்புறம் ஒன்றும் இல்லை, பிறகு 901. ஒரே இரவில், போன் சட்டைப் பையில் இருந்தபடியே இத்தனை கை மாறுகிறது. உங்கள் பயணியின் பேக்கில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மட்டும் இருந்தால் இந்தோனேசியாவும் கப்பலும் பேக்குக்கு வெளியே.

எங்கள் குழுவில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பதி ஒருவர் வந்திருந்தார்கள். ஐயா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பென்ஷன்காரர். முதல் நாள் இரவு நடனம் பார்த்துவிட்டு வந்து, அந்த அம்மா பேரனுக்கு வீடியோ காலில் கப்பலைச் சுற்றிக் காட்டினார். லிஃப்ட், சரவிளக்கு, நீச்சல் குளம் எல்லாம். பேரன் “பாட்டி, அந்தச் சறுக்குமரத்துல நீ ஏறுனியா?” என்று கேட்டது எங்கள் மேசை வரைக்கும் கேட்டது. டவர் இரண்டு கோடுதான் காட்டியது, ஆனாலும் பேச முடிகிறதே என்று அவர்களுக்குச் சந்தோஷம். ஐயாவுடையது போஸ்ட்பெய்டு இணைப்பு. பில் ஊருக்கு வந்த பிறகு போன் செய்தார். தொகையை இங்கே எழுத அவர் விரும்பவில்லை. டூருக்குக் கட்டிய பணத்தோடு ஒப்பிட்டுப் பேசினார் என்று மட்டும் சொல்கிறேன்.

இதில் ப்ரீபெய்டுக்கும் போஸ்ட்பெய்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ப்ரீபெய்டு வைத்திருப்பவருக்கு இருக்கிற பணம் தீர்ந்தால் இணைப்பு நிற்கும், எரிச்சலோடு போய்விடும். போஸ்ட்பெய்டுக்கு அந்தத் தடுப்பு தாமதமாகத்தான் விழும். வெளி வலையமைப்பில் எவ்வளவு ஓடியது என்ற கணக்கு நம் கம்பெனிக்கு வந்து சேரவே சில மணி நேரம் ஆகும். “உங்கள் வரம்பு தாண்டிவிட்டது” என்ற எஸ்எம்எஸ் வரும்போது தாண்டி நெடுந்தூரம் போயிருக்கும். அந்தக் காலத்தில் டிரங்க் கால் புக் செய்து பேசினால் மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் குறுக்கே வந்து சொல்வார். நான் அந்த எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன். நடுவில் வந்து பேச்சைக் கெடுக்கிறார்களே என்று சந்தாதாரர்கள் திட்டுவார்கள். இப்போது திட்டு வாங்கக்கூட ஆள் இல்லை.

பேசினால்தான் காசு என்று நினைப்பதும் தவறு. நம் ஊரில் இன்கமிங் இலவசமாகி 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, 2003இல் கட்டண முறை மாறியதிலிருந்து யாரும் அதை நினைப்பதே இல்லை. கப்பலில் வரும் அழைப்பை எடுத்தாலும் நிமிடத்துக்குக் காசு. “சார், கிரெடிட் கார்டு வேணுமா?” என்று ஒரு பெண் கேட்க, “வேண்டாம்மா, நான் கப்பல்ல இருக்கேன்” என்று பொறுமையாக விளக்கினால் அந்த விளக்கமும் பில்லில் ஏறும். யாருமே பேசாமல் போன் தானாகச் செய்யும் வேலை அதைவிட மோசம். பகல் முழுக்க எடுத்த படங்களை இரவில் அது சத்தமில்லாமல் மேலே ஏற்றும், ஆப்களைப் புதுப்பிக்கும், வாட்ஸாப் குழுவில் வந்த காலை வணக்க வீடியோ எல்லாவற்றையும் இறக்கும். போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ 100 எம்பி வரைக்கும் வரும். கப்பல் டவரில் ஒரு எம்பிக்கு 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட அந்த ஒரு வீடியோ 10,000 ரூபாய். மினி பாரைத் தொடாதீர்கள் என்று மறக்காமல் சொல்கிறீர்களே, அதில் இருக்கும் ஜூஸ் டின் எல்லாம் குடித்து முடித்தாலும் இவ்வளவு ஆகாது.

இது நம் நாட்டுப் பயணிகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் முதல் எந்த உறுப்பு நாட்டுக்குப் போனாலும் சொந்த ஊர்க் கட்டணத்திலேயே பேசலாம் என்று வந்தது. அங்கேயும் கப்பலிலும் விமானத்திலும் உள்ள செயற்கைக்கோள் வலையமைப்புக்கு அது பொருந்தாது. மத்தியதரைக்கடல் க்ரூஸில் போகும் ஜெர்மன்காரரும் இத்தாலிக்காரரும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். ஆனால் ரோமிங்கில் டேட்டா செலவு 50 யூரோ தொட்டதும் பயணி சம்மதிக்காமல் மேலே ஓடக்கூடாது என்று அங்கே ஒரு வரம்பு உண்டு. நம் ஊரிலும் அப்படி ஒரு கறாரான வரம்பு வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதலாம், எழுதவும் வேண்டும். அது நடக்கும்போது நடக்கட்டும். அடுத்த மாதம் கப்பல் ஏறப்போகிறவருக்கு மினி ஹாலில் மைக் பிடித்து நிற்கும் நீங்கள்தான் கதி. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

சரி, என்ன சொல்ல வேண்டும்? கப்பல் கிளம்புவதற்கு முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்ய வேண்டும். அவ்வளவுதான். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்தால் போதும் என்று சொல்லாதீர்கள், அழைப்புகள் வந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு சிம் போனில் ஒரு சிம்முக்கு மட்டும் ரோமிங்கை நிறுத்திவிட்டு, அலுவலகம் கொடுத்த இன்னொரு சிம்மை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. ஏரோபிளேன் மோடில் இரண்டும் சேர்ந்து அடங்கும்.

இதைச் சொன்னால் செய்துவிடுவார்கள் என்றும் நினைக்காதீர்கள். நம் ஆட்கள் ஏரோபிளேன் மோடுக்கு மறுப்பதன் காரணம் ஒன்று உண்டு, அது ஓடிபி. “பேங்க் ஓடிபி வரலேன்னா என்ன செய்யறது?” இந்தப் பயம் நியாயமானது. கையில் பணம் குறைவு, கார்டுதான் நம்பிக்கை, கார்டுக்கு ஓடிபிதான் சாவி. அதற்காகவே பலர் நாள் முழுக்கப் போனைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் கப்பலுக்குள் செலவுக்கு ஓடிபி தேவைப்படாது. கேபின் சாவி அட்டைதான் அங்கே பணம். காபி, கடை, போட்டோ எல்லாம் அந்த அட்டையின் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கோடு கிரெடிட் கார்டை இணைப்பதை அல்லது டெபாசிட் கட்டுவதைக் கரையில், துறைமுகத்தில், போனில் சிங்கப்பூர் டவர் இருக்கும்போதே முடித்துவிட்டால் அப்புறம் ஓடிபிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் கட்ட வேண்டிய ஈஎம்ஐ, கரண்ட் பில் எல்லாம் கிளம்பும் முன்பே கட்டச் சொல்லுங்கள். இதை விளக்கினால்தான் ஏரோபிளேன் மோடு நடைமுறைக்கு வரும். வெறுமனே “போடுங்க” என்றால் தலையாட்டிவிட்டு மேல்தளத்துக்குப் போய் எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது வைஃபை. இப்போது கப்பல் வைஃபை முன்பு போல் இல்லை. பழைய செயற்கைக்கோள் பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். நாம் சொன்ன வார்த்தை அங்கே போய், கரைக்கு இறங்கி, பதிலும் அதே வழியில் வருவதற்குள் அரை நொடி ஓடிவிடும். 2022 ஆகஸ்டில் ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்கள் எல்லாவற்றிலும் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத்தைப் பொருத்தப் போவதாக அறிவித்தது, மற்ற பெரிய நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன, அதனால் நடுக்கடலில் வீடியோ காலே முகம் உறையாமல் பேசலாம். ஆனால் விலை கப்பலுக்குக் கப்பல் மாறும். ஒரு போனுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது டாலர் என்று சர்வசாதாரணமாகக் கேட்பார்கள், அதற்கு மேலும் போகும். இருவர் மூன்று இரவுக்கு ஆளுக்கு ஒன்று வாங்கினால் ஒரு பட்டுப்புடவை விலை வந்துவிடும்.

இங்கேதான் குழுவாகப் போவதில் லாபம் இருக்கிறது, அதை நீங்கள் பயன்படுத்துவதே இல்லை. கப்பல் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் பதிவு செய்தால் உள்ளே போய் வாங்குவதைவிடப் பெரும்பாலும் விலை குறையும். இரண்டு, நான்கு போன்களுக்குச் சேர்த்து வாங்கும் பேக்கேஜ் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. பல கப்பல்களில் ஒரு போனுக்கு வாங்கிய இணைப்பை அதில் லாக் அவுட் செய்து இன்னொரு போனில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், அவ்வளவுதான். கணவன் மனைவிக்கு ஒன்றே போதும். அப்பா காலையில் நியூஸ் பார்க்கட்டும், அம்மா சாயந்தரம் பேரனோடு பேசட்டும். டிக்கெட் புக் செய்யும்போதே இந்த விலையை விசாரித்து, கொட்டேஷனில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். வேண்டும் என்பவர் சேர்த்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்பவர் விடட்டும்.

உங்கள் டூர் மேனேஜருக்கு வைஃபை எப்படியும் வாங்கித்தான் கொடுப்பீர்கள். அவர் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, குழுவின் வீட்டாருக்கு என்று ஆரம்பித்த வாட்ஸாப் குழுவில் நான்கு படம் போட்டு, எல்லோரும் நலம், நாளைக்கு இன்ன ஊர், இத்தனை மணிக்குக் கரை இறங்குகிறோம் என்று இரண்டு வரி எழுதட்டும். ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான். அப்பாவின் போன் எடுக்கவில்லை என்று அவர்கள் பத்து தடவை அடிப்பதும், அப்பா பதறிப்போய் ஏரோபிளேன் மோடை எடுப்பதும் நிற்கும். ஆத்திர அவசரத்துக்குக் கரையிலிருந்து கப்பலைத் தொடர்புகொள்ள வேண்டிய எண்ணை, குழுவின் பெயரோடு, வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் சொல்லித்தான் என் மகளுக்கே அது கிடைத்தது.

கப்பலுக்குள் ஒருவரை ஒருவர் தேடுவதற்கு எந்தச் செலவும் தேவையில்லை. கேபினுக்குக் கேபின் பேசும் போன் இலவசம், அறை எண்ணை அழுத்தினால் போதும். ஆகவே பெயர், கேபின் எண், தளம் மூன்றும் போட்ட காகிதம் ஒன்றை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள். எங்கள் குழுவில் இது இல்லை. மச்சான் எந்த மாடியில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க, பக்கத்து நடைபாதையில் இருப்பவரைச் செயற்கைக்கோள் வழியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தியாவுக்கு ஒரு கால், அங்கிருந்து திரும்பக் கப்பலுக்கு ஒரு கால் என்று இரண்டு பக்கமும் காசு ஓடுகிறது. அழைத்தவருக்கும் பில், எடுத்தவருக்கும் பில், இடையே தூரம் இருபது அடி. கப்பல் நிறுவனத்தின் ஆப் ஒன்று இருக்கும், அதை ஊரிலேயே இறக்கி வைத்தால் உள்ளே இணையம் வாங்காமலேயே நிகழ்ச்சி நேரம் பார்க்கலாம், சாப்பாட்டு மேசை பதிவு செய்யலாம். குழுவுக்குள் செய்தி அனுப்பும் வசதியும் அதில் பெரும்பாலும் இருக்கும், சில கப்பல்களில் இலவசம், சிலவற்றில் சிறு கட்டணம். வயதானவர்கள் ஆப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், காகிதமே போதும்.

கரை இறங்கும் நாளில் கதை வேறு. பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையில், ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே கட்டும். நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம். பாட்டுக் கடை, பூக்கடை, மாரியம்மன் கோவில் எல்லாம் பக்கம். அங்கே நாட்டு டவர், பேக் இருந்தால் தாராளமாகப் பேசலாம். பேக் இல்லாதவர் மலேசிய சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் முன் ஒன்றை யோசியுங்கள். சிம் வாங்க பாஸ்போர்ட் காட்ட வேண்டும், சில கப்பல்களில் பயணம் முடியும் வரை பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடைக்குப் போய் நகலைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருப்பதில் அரை மணி நேரம் போய்விடும். போன் ஈசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம், ஏற்றுக்கொள்ளும் வகையாக இருந்தால் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் சேர்த்து ஒன்றை ஊரிலேயே வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. அதுவும் கரைக்கு மட்டும்தான், கப்பலில் செல்லாது என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். ஈசிம் இருக்கிறதே என்ற தைரியத்தில் நம் ஊர் சிம்மைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள்.

புக்கெட்டில் பில்லைவிட நேரம் பெரிய வம்பு. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். பல கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை இறக்கும். கரை ஏறிப் போன் தாய்லாந்து டவரைப் பிடித்ததும் கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் குறையும். கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். கடைசிப் படகு 5 மணிக்கு என்றால், போனில் 4:30 காட்டும்போது கப்பல் நேரம் 5:30. எங்கள் குழுவில் ஒரு குடும்பம் இளநீர் குடித்துக்கொண்டு நிதானமாக வந்தது. படகுக்காரர் காத்திருந்ததால் தப்பித்தார்கள். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று அன்றன்று கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துக்கொண்டு, போன் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள் என்று குழுவுக்குச் சொல்ல வேண்டியது டூர் மேனேஜர் வேலை.

சென்னையிலிருந்து புறப்படும் கப்பலுக்கு ஆள் சேர்க்கும் நண்பர்களும் இதைத் தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓடத் தொடங்கியபோது, விசாகப்பட்டினம் போய் வர பாஸ்போர்ட்டே தேவைப்படவில்லை. பாஸ்போர்ட் வேண்டாத பயணத்தில் ரோமிங் என்ற சொல்லையே யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆனால் 12 கடல் மைல் தாண்டினால் பூம்புகாரானாலும் பினாங்கானாலும் கடல் ஒன்றுதான், அங்கே நம் ஊர் டவர் எட்டாது. அந்தக் கப்பலே 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. இந்தியக் கடல் எல்லைக்குள் கப்பலிலும் விமானத்திலும் போன், இணையம் தருவதற்கு 2018லேயே மத்திய அரசு தனி விதி போட்டுவிட்டது, அதாவது கப்பலுக்குள் இணைப்பு வியாபாரம் நம் ஊரிலும் சட்டப்படி உண்டு. நீங்கள் ஏற்றிவிடும் கப்பலில் என்ன வசதி இருக்கிறது, என்ன விலை என்று கேட்டு வைத்துக்கொள்வது உங்கள் பாடு. சர்வதேச ரோமிங்கே போடாத சிம்மாக இருந்தால் பயம் இல்லை, சிக்னல் வராது, அவ்வளவுதான். எப்போதோ துபாய் போனபோது போட்டுவிட்டு எடுக்க மறந்த சிம்தான் ஆபத்து. அதைக் கூட்டத்திலேயே கையைத் தூக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஒருவர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். “சார், விசா, டிப்ஸ், இன்சூரன்ஸ்னு ஏற்கெனவே எக்ஸ்ட்ரா லிஸ்ட் நீளமா இருக்கு. இதுல வைஃபைக்கு இவ்வளவுன்னு சொன்னா பக்கத்து டிராவல்ஸ்ல போய் புக் பண்ணிடுவாங்க.” இருக்கலாம். ஆனால் பில் வந்த பிறகு அவர் மறுபடி உங்களிடம் புக் பண்ண மாட்டார், அக்கம்பக்கத்தில் நான்கு பேரிடம் உங்கள் பெயரைச் சேர்த்தே சொல்வார். மொபைல் கம்பெனியின் பெயரை அவர் சொல்ல மாட்டார் என்பது இதில் உள்ள அநியாயம், அது வேறு விஷயம். புதுக்கோட்டை ஐயா என்னிடம் பேசும்போது குறைப்பட்டதெல்லாம் டூரைப் பற்றித்தான்.

ஒரு கோரிக்கையோடு நிறுத்துகிறேன். புறப்படும் முன் ஆளுக்கொரு உறையில் விமான நேரம், ஹோட்டல் முகவரி, லக்கேஜ் டேக் எல்லாம் போட்டுக் கொடுக்கிறீர்கள் அல்லவா, அதில் போனுக்கு ஒரு பக்கம் சேருங்கள். பெரிய எழுத்தில், தமிழில் இருக்கட்டும். எப்போது ஏரோபிளேன் மோடு போடுவது, எங்கே எடுப்பது, கார்டை எங்கே இணைப்பது, வைஃபை விலை என்ன, வீட்டார் யாரைக் கூப்பிடுவது, கேபின் பட்டியல், கப்பல் நேரம். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது டூர் மேனேஜர் ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் பார்த்து, ஏரோபிளேன் படம் வந்திருக்கிறதா என்று சரிபார்த்து உள்ளே அனுப்பட்டும். பாஸ்போர்ட் பார்க்கிறவருக்கு இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் தலைக்குக் கால் நிமிடம். நான் என் பங்குக்கு அப்படி ஒரு பக்கத்தைத் தயாரித்து வைத்திருக்கிறேன். கேட்கிற டிராவல்ஸுக்கெல்லாம் சும்மா அனுப்பித் தருகிறேன், உங்கள் லோகோவைப் போட்டு உங்களுடையதாகவே அச்சடித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் சீசனுக்குக் கூட்டம் போடும் முன் கேட்டால் நல்லது.

அன்புடன்,
தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற ஒருவன்,
திருச்சி